ஹாட் ராட் பிரியர்கள் டெக் (தொழில்நுட்ப) கட்டுரையில் எதைத் தேடுகிறார்கள்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹாட் ராட் என்று எந்த வண்டியைச் சொல்கிறார்கள்?

பழைய அமெரிக்க கார் ஒன்றை எடுத்து, வேண்டாததைக் கழற்றி எடையைக் குறைத்து, எஞ்சினை மாற்றியோ இருக்கிற எஞ்சினையே தேற்றியோ வேகமாக ஓட வைத்தால் அது ஹாட் ராட். இரண்டாம் உலகப் போருக்கு முன்பே தெற்குக் கலிஃபோர்னியாவின் மியூராக், எல் மிராஜ் போன்ற வறண்ட ஏரிப்படுகைகளில் ஃபோர்டு மாடல் டி, மாடல் ஏ வண்டிகளை ஓட்டிப் பார்த்த இளைஞர்களிடம் தொடங்கிய பழக்கம் இது. 1932 ஃபோர்டு இவர்களுக்குக் குலதெய்வம் மாதிரி. சாதாரண மனிதர் வாங்கக்கூடிய விலையில் வி8 எஞ்சின் (V வடிவில் எட்டு சிலிண்டர்) அந்த வருஷம்தான் வந்தது: 221 கன அங்குலக் கொள்ளளவு, 65 குதிரைத்திறன். பிறகு 1955இல் செவ்ரோலே தன் ஸ்மால் பிளாக் வி8ஐ 265 கன அங்குலத்தில் இறக்கியதும் பெரிய கூட்டம் ஒன்று அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது.

சர்வீஸ் மேனுவல் இருக்கும்போது பத்திரிகைக் கட்டுரை எதற்கு?

மேனுவல் என்பது தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கும் வண்டிக்கு. 1932 ஃபோர்டு சேஸிஸில் 1970 செவ்ரோலே எஞ்சின், அதன் பின்னால் இன்னொரு வண்டியின் கியர்பாக்ஸ், அதற்கும் பின்னால் ஃபோர்டு 9 அங்குல ஆக்ஸில் என்று சேர்த்தவனுக்கு எந்தக் கம்பெனி மேனுவல் அச்சடிக்கும்? அந்தக் காலி இடத்தில்தான் பத்திரிகை வந்து உட்கார்ந்தது.

ராபர்ட் பீட்டர்சன் 1948 ஜனவரியில் 'ஹாட் ராட்' இதழைத் தொடங்கினார். லாஸ் ஏஞ்சலிஸில் நடந்த ஹாட் ராட் கண்காட்சியில் முதல் இதழ் 25 சென்ட்டுக்கு விற்றது. 1949இல் வாலி பார்க்ஸ் ஆசிரியரானார். 1951இல் என்ஹெச்ஆர்ஏ என்ற டிராக் ரேஸ் (நேர்ப்பாதை வேகப் பந்தய) அமைப்பை நிறுவியவரும் இவரே. அந்த ஆரம்ப வருஷங்களில் ரெக்ஸ் பர்னெட் வரைந்த குறுக்குவெட்டுப் படங்களை இன்றைக்கும் சேர்த்து வைத்திருப்பவர்கள் உண்டு. பாடியை ஊடுருவிப் பார்ப்பது போல எஞ்சின், சேஸிஸ், டேங்க், ஆக்ஸில் எது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று ஒரே படத்தில் காட்டுவார். வேறு ஊரில், தெரிந்த மெக்கானிக் யாரும் இல்லாத இடத்தில் உட்கார்ந்திருந்த பையனுக்கு அந்தப் படம்தான் வாத்தியார்.

சரி, ஒரு டெக் கட்டுரையில் அனுபவசாலி வாசகர் முதலில் எதைப் பார்க்கிறார்?

எது பொருந்தவில்லை என்பதை. பொருந்தியதை பார்ட்ஸ் கேட்டலாக்கே சொல்லிவிடும்.

செவ்ரோலே 383 ஸ்ட்ரோக்கர், அதாவது பிஸ்டனின் ஓட்டத்தை நீட்டிக் கொள்ளளவைக் கூட்டிய எஞ்சின், நல்ல உதாரணம். நூற்றுக்கணக்கான முறை எழுதப்பட்ட விஷயம், ஆனாலும் உருப்படியாக எழுதப்பட்டவை குறைவு. கணக்கு எளிது. 350 எஞ்சினின் போர் (சிலிண்டரின் விட்டம்) 4 அங்குலம், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 3.48 அங்குலம். 400 கன அங்குல ஸ்மால் பிளாக்கின் கிராங்க் (பிஸ்டன்களின் ஓட்டத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) 3.75 அங்குல ஸ்ட்ரோக் உள்ளது. 350 பிளாக்கை 0.030 அங்குலம் ரீபோர் செய்து (சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்கி), 400இன் கிராங்க்கை உள்ளே வைத்தால் 383 கன அங்குலம் கிடைக்கும். மோசமான கட்டுரை இத்துடன் நின்று, அடுத்த பக்கத்தில் டைனோ (எஞ்சினின் திறனை அளக்கும் கருவி) வரைபடத்தைப் போட்டுவிடும்.

நல்ல கட்டுரை இங்கேதான் ஆரம்பிக்கிறது. 400 கிராங்க்கின் மெயின் ஜர்னல் (பிளாக்கின் பேரிங்கில் உட்காரும் பகுதி) 2.65 அங்குலம், 350 பிளாக்குக்கு வேண்டியது 2.45. ஆகவே ஜர்னல்களைக் கிரைண்டிங் செய்து இறக்க வேண்டும், அல்லது 350 அளவிலேயே வார்த்து விற்கும் புதுக் கிராங்க் வாங்க வேண்டும். கிராங்க் சுற்றும்போது கனெக்டிங் ராடின் போல்ட் தலை, பிளாக்கின் அடிவிளிம்பில் ஆயில் பேன் உட்காரும் இடத்தில் இடிக்கும். அங்கே கிரைண்டரால் தேய்த்து வழிவிட வேண்டும். எவ்வளவு? குறைந்தது 0.050 அங்குல இடைவெளி வேண்டும் என்பார்கள். அளவு மீறித் தேய்த்தால் தண்ணீர் ஓடும் பகுதி ஓட்டையாகி பிளாக் குப்பைக்குப் போகும். ராடின் மேல் போல்ட் கேம்ஷாஃப்டிலும் (வால்வுகளைத் திறக்க வைக்கும் தண்டு) உரசப் பார்க்கும். அதையும் கேம்ஷாஃப்டை மாட்டி, டைமிங் செயினைப் போட்டு, கையால் சுற்றித்தான் பார்க்க முடியும். இதெல்லாம் பிளாக்கைக் கடைசியாகக் கழுவுவதற்கு முன்னால் முடிய வேண்டிய வேலை என்பதையும் எழுதியிருக்க வேண்டும். இல்லையென்றால் இரும்புத் தூள் பேரிங்கில் போய் உட்காரும்.

அடுத்தது பேலன்ஸ். 400 எஞ்சினின் கிராங்க் தனக்குள்ளேயே பேலன்ஸ் ஆனதல்ல. முன்னால் உள்ள, அதிர்வு தணிக்கும் டேம்பரிலும் பின்னால் உள்ள ஃப்ளைவீலிலும் எடை வைத்துச் சமன் செய்யப்பட்டது. பழைய 350 அப்படியில்லை. 350இன் டேம்பரை அப்படியே எடுத்து 383இல் மாட்டினால் எஞ்சின் நடுங்கும். கட்டுரையில் இந்த ஒரு வரி விடுபட்டதால் எத்தனை எஞ்சின் மறுபடி வெளியே வந்திருக்கும் என்று நினைத்தாலே வயிறு கலங்கும்.

பிஸ்டன் விஷயமும் இருக்கிறது. ஸ்மால் பிளாக்கின் டெக் உயரம், அதாவது கிராங்க் மையத்திலிருந்து பிளாக்கின் மேல்பரப்பு வரை, 9.025 அங்குலம். ஸ்ட்ரோக்கில் பாதி 1.875, ராடு 5.7, பிஸ்டன் பின்னிலிருந்து தலை வரை 1.425. கூட்டினால் 9.000. பிஸ்டன் 0.025 அங்குலம் கீழே நிற்கும். 6 அங்குல ராடு போட்டால் பிஸ்டனின் உயரம் 1.125 ஆகக் குறைய வேண்டும். மூன்று எண்ணைக் கூட்டிக் காட்டினாலே வாசகர் அடுத்த முறை தானே கணக்குப் போட்டுக்கொள்வார். "பிஸ்டன், ராடு சரியானதாகத் தேர்ந்தெடுக்கவும்" என்ற வாக்கியத்தை எழுதியவர் யாராயிருந்தாலும் அவருக்கு அந்த மூன்று எண் தெரிந்திருக்கவில்லை என்பது என் கருத்து.

டைனோ முடிவுகளை வாசகர்கள் நம்புகிறார்களா?

முழுசாக இல்லை. எப்படி அளந்தார்கள் என்று எழுதியிருந்தால் நம்புவார்கள்.

1971ஆம் வருஷத்து செவ்ரோலே எல்டி-1 எஞ்சினை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே எஞ்சினுக்கு அந்த வருஷம் இரண்டு எண் கொடுத்தார்கள்: 330 மற்றும் 275 குதிரைத்திறன். முதலாவது கிராஸ் கணக்கு. ஏர் ஃபில்டர், சைலன்சர், ஆல்டர்னேட்டர் போன்ற சுமைகள் இல்லாமல் எஞ்சினைத் தனியாக நிறுத்தி அளந்தது. இரண்டாவது நெட் கணக்கு. வண்டியில் எப்படி இருக்குமோ அப்படி எல்லாவற்றையும் மாட்டி அளந்தது. 1972இலிருந்து அமெரிக்கக் கம்பெனிகள் நெட் கணக்குக்கே வந்துவிட்டன. பத்திரிகைகளின் டைனோ அறையில் மட்டும் கிராஸ் காலம் முடியவே இல்லை. மின்சாரத் தண்ணீர் பம்ப், புகையை வெளியேற்றும் நீண்ட ஹெடர் குழாய்கள், திறந்த கார்புரேட்டர் என்று எஞ்சின் அங்கே ராஜ வாழ்க்கை வாழும். வண்டிக்குள் போனதும் உண்மை தெரியும்.

இன்னொரு நுணுக்கம் வானிலைத் திருத்தம், அதாவது அளந்த நாளின் வெப்பநிலைக்கும் காற்றழுத்தத்துக்கும் ஏற்ப எண்ணைச் சரிசெய்வது. ஜே607 என்ற பழைய தரம் 60 டிகிரி ஃபாரன்ஹீட்டில் வறண்ட காற்றை வைத்துக் கணக்கிடுகிறது. ஜே1349 என்ற பிந்தைய தரம் 77 டிகிரியையும் குறைந்த காற்றழுத்தத்தையும் வைத்துக் கணக்கிடுகிறது. ஒரே ஓட்டத்துக்கு முதலாவது சுமார் 4 சதவீதம் கூடுதலாகக் காட்டும். 400 குதிரைத்திறன் எஞ்சினில் அது 16 குதிரை. புதிய இன்டேக் மேனிஃபோல்டு ஒன்று 15 குதிரை கூட்டியது என்று கட்டுரை சொன்னால், எந்தத் திருத்தம் என்று கேட்காமல் இருக்க முடியுமா?

வரைபடத்தைப் பார்த்ததும் வாசகர்கள் செய்யும் சின்னச் சோதனை ஒன்று உண்டு. குதிரைத்திறன் என்பது பவுண்டு-அடியில் சொன்ன டார்க்கை (முறுக்குவிசை) ஆர்பிஎம்மால் பெருக்கி 5252ஆல் வகுத்தது. ஆகவே இரண்டு கோடுகளும் ஒரே அளவுகோலில் இருந்தால் 5252 ஆர்பிஎம்மில் வெட்டியே ஆக வேண்டும். வெட்டவில்லை என்றால் யாரோ கையால் வரைந்திருக்கிறார்கள்.

உச்ச எண்ணை மட்டும் கொடுப்பதும் வாசகருக்குப் பிடிக்காது. சாலையில் ஓடும் வண்டி 6,500 ஆர்பிஎம்மில் எத்தனை வினாடி இருக்கும்? பாப்புலர் ஹாட் ராடிங் பத்திரிகை 2002இல் தொடங்கிய எஞ்சின் மாஸ்டர்ஸ் போட்டியில், ஒரு ஆர்பிஎம் எல்லைக்குள் கிடைத்த சராசரியை வைத்து மதிப்பெண் போட்டார்கள். எஞ்சின் கட்டுபவர்கள் வேறு விதமாக யோசிக்க ஆரம்பித்தார்கள். கட்டுரைகளும் கொஞ்சம் மாறின.

ஒரே கட்டுரையில் சிலிண்டர் ஹெட், கேம்ஷாஃப்ட், கார்புரேட்டர் மூன்றையும் மாற்றி "90 குதிரை கூடியது" என்கிறார்களே?

அந்தக் கட்டுரையால் யாருக்கும் பயனில்லை. எது எவ்வளவு தந்தது என்று தெரியாது. ஒரு நேரத்தில் ஒன்றை மாற்றி, ஒவ்வொரு முறையும் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் ஜெட்டையும் இக்னிஷன் டைமிங்கையும் சரிசெய்து, திரும்ப ஓட்டிக் காட்ட வேண்டும். செலவு அதிகம், பக்கமும் அதிகம். அதனால்தான் அப்படிச் செய்த கட்டுரைகளை வெட்டி ஃபைலில் வைத்துக்கொள்கிறார்கள்.

காசு செலவழிக்க வைக்காத டெக் கட்டுரை உண்டா?

உண்டு, சிறந்தவை பெரும்பாலும் அந்த வகையே. கம்ப்ரஷன் ரேஷியோவைக் கணக்கிடக் கற்றுத்தரும் கட்டுரையை எடுத்துக்கொள்வோம். பிஸ்டன் கீழே இருக்கும்போதுள்ள மொத்த இடத்தை, மேலே வந்ததும் மிஞ்சும் இடத்தால் வகுத்ததே அந்த ரேஷியோ. 0.030 ரீபோர் செய்த 350 எஞ்சினில் ஒரு சிலிண்டரின் கொள்ளளவு சுமார் 727 சிசி. ஹெட் கேஸ்கெட்டின் தடிமன் 0.041 அங்குலம், ஓட்டை விட்டம் 4.1 அங்குலம் என்றால் அதற்குள் ஏறக்குறைய 9 சிசி. பிஸ்டன் 0.025 கீழே நிற்பதால் 5 சிசி. வால்வுக்காகப் பிஸ்டன் தலையில் வெட்டிய பள்ளம் 6 சிசி. இத்துடன் ஹெட்டின் குழிவு. அது 76 சிசி என்றால் மொத்தம் 96, ரேஷியோ சுமார் 8.6. அதே எஞ்சினில் 64 சிசி ஹெட்டை வைத்தால் மொத்தம் 84, ரேஷியோ 9.65. பிஸ்டனைத் தொடாமலேயே ஒரு புள்ளி ஏறிவிட்டது.

ஹெட்டைத் திருப்பிப் போட்டு, மேலே ஒரு கண்ணாடித் தட்டை கிரீஸ் தடவி ஒட்டி, அளவுக்குழாயால் வண்ணத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குழிவை அளக்கும் முறையைப் படத்தோடு போட்ட கட்டுரை எந்தக் காலத்திலும் வீண் போகாது. அதைப் படித்தவர் கேட்டலாக்கில் "10.5 பிஸ்டன்" என்று போட்டிருப்பதை அப்படியே நம்ப மாட்டார். எந்த ஹெட்டுக்கு, எந்த கேஸ்கெட்டுக்கு என்று கேட்பார். இரும்பு ஹெட் வைத்து சாதாரண பங்க் பெட்ரோலில் ஓட்ட நினைப்பவருக்கு 9.65க்கும் 10.5க்கும் உள்ள வித்தியாசம், எஞ்சின் தட்டுமா தட்டாதா என்பதுதான்.

விளம்பரம் கொடுக்கும் கம்பெனியின் பாகத்தைப் பற்றிப் பத்திரிகை நேர்மையாக எழுதுமா?

இந்த ஊடல் பத்திரிகை பிறந்த காலத்திலிருந்தே இருக்கிறது. 1950களில் ஹாட் ராட் இதழின் டெக்னிக்கல் எடிட்டராக இருந்த ரேசர் பிரவுன் பிறகு தன் பெயரிலேயே கேம்ஷாஃப்ட் தயாரித்து விற்றார். அவர் எழுதியது தரமானது, கேம்ஷாஃப்டும் தரமானதுதான். ஆனால் எழுதுபவரும் விற்பவரும் ஒரே தெருவில் குடியிருந்த தொழில் இது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

கம்பெனி பாகத்தை இலவசமாகக் கொடுத்தது என்பதை வாசகர் பெரிய குற்றமாக எடுத்துக்கொள்வதில்லை. சொல்லிவிட்டால் போதும். கோபம் வருவது வேறொன்றுக்கு: பெட்டியிலிருந்து பாகம் வெளியே வருகிறது, அடுத்த படத்தில் வண்டியில் மாட்டியிருக்கிறது, கடைசிப் பத்தியில் கம்பெனிக்கு நன்றி. நடுவில் நடந்த வேலை எங்கே? பிராக்கெட்டின் ஓட்டை ஒத்துவராமல் நீளமாக அறுத்திருப்பார்கள். ஸ்டீயரிங் தண்டு ஹெடர் குழாயில் முட்டியிருக்கும். அதையெல்லாம் எழுதினால் விளம்பரப் பிரிவிலிருந்து போன் வரும் என்ற பயம். உண்மையில் அந்தக் கம்பெனிக்கும் அதுவே உதவி. ஓட்டையை அறுக்க வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்து வாங்கியவர் பாகத்தைத் திருப்பி அனுப்ப மாட்டார்.

"எளிதாகப் பொருந்துகிறது", "சிறு மாற்றங்களுடன்", "ஒரு பிற்பகலில் முடித்துவிடலாம்" ஆகிய மூன்றும் பழக்கப்பட்ட வாசகரை எச்சரிக்கும் வாக்கியங்கள். சிறு மாற்றம் என்றால் வெல்டிங் மெஷின் வேண்டுமா என்பதையாவது சொல்லித் தொலைக்கலாம்.

விலையும் பார்ட் நம்பரும் போட வேண்டுமா?

கட்டாயம். விலை ஆறு மாதத்தில் மாறும் என்பது சாக்கு. போட்ட தேதி தெரிந்தால் வாசகர் கூட்டிக்கொள்வார். லேத் பட்டறைக் கூலி, போல்ட், கேஸ்கெட், ஹோஸ் கிளாம்ப், ஆயில் எல்லாம் அந்தப் பட்டியலில் வர வேண்டும். பெரிய பாகங்களை மட்டும் கூட்டிவிட்டு "குறைந்த செலவு எஞ்சின்" என்று அட்டையில் போடும் வித்தையை வாசகர்கள் கண்டுபிடித்து வெகுகாலம் ஆகிறது.

தவறாகிப்போனதை எழுதினால் பத்திரிகையின் மதிப்புக் குறையாதா?

கூடும். 2000களின் நடுவில் நடந்ததைப் பாருங்கள். பழைய எஞ்சின்களில் இருக்கும் தட்டை டேப்பெட் (கேம்ஷாஃப்டின் மேல் உட்கார்ந்து புஷ்ராடைத் தூக்கும் பாகம்) கேம்ஷாஃப்ட்கள், புதிதாக மாட்டிய சில நிமிஷத்திலேயே தேய்ந்து வட்டமாக ஆரம்பித்தன. கேம்ஷாஃப்டைக் குறை சொன்னார்கள், டேப்பெட்டைக் குறை சொன்னார்கள், மெக்கானிக்கைக் குறை சொன்னார்கள். எஞ்சின் ஆயில் மாறியிருந்ததும் ஒரு முக்கியக் காரணம். 2004இல் வந்த ஏபிஐ எஸ்எம் என்ற ஆயில் தரம், வழக்கமான கார் ஆயில் வகைகளில் பாஸ்பரஸ் அளவை 0.08 சதவீதத்துக்கு மேல் போகாமல் கட்டுப்படுத்தியது. கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் காப்பாற்ற. தேய்மானத்தைத் தடுக்கும் துத்தநாக-பாஸ்பரஸ் சேர்மானம் அதனால் குறைந்தது. 1987 வாக்கிலேயே ரோலர் டேப்பெட்டுக்கு மாறத் தொடங்கிவிட்ட கார் கம்பெனிகளுக்கு இதில் பெரிய கவலை இல்லை. பழைய எஞ்சின் வைத்திருந்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள்.

அப்போது உதவியது, உள்ளே என்ன நடக்கிறது என்று விளக்கிய கட்டுரைகள். டேப்பெட்டின் அடி பார்க்கத் தட்டை. உண்மையில் மிக மெல்லிய குமிழ். கேம் லோபும் (கேம்ஷாஃப்டில் உள்ள முட்டை வடிவ மேடு) லேசாகச் சரிந்திருக்கும். இந்த இரண்டாலும்தான் டேப்பெட் ஒவ்வொரு தூக்கலிலும் கொஞ்சம் சுழலும். சுழலவில்லை என்றால் ஒரே இடத்தில் உரசித் தேயும். ஆகவே முதல் ஸ்டார்ட்டின்போது வால்வ் கவரைத் திறந்து புஷ்ராடுகள் சுற்றுகின்றனவா என்று பார்க்கச் சொன்னார்கள். ஐடிலில் விடாதே, முதல் 20–30 நிமிஷம் 2,000 ஆர்பிஎம்முக்கு மேலேயே ஏற்றி இறக்கிக்கொண்டிரு. இரட்டை வால்வ் ஸ்பிரிங் என்றால் உள் ஸ்பிரிங்கை அதுவரை கழற்றி வை. லோபுகளில் மாலிப்டினம் பசையைத் தடவு. காரணத்தோடு சொன்ன கட்டளைகள். காரணம் தெரிந்ததால்தான் வாசகர் பொறுமையாகச் செய்தார்.

எஞ்சினைத் தவிர வேறெதையும் யாராவது படிக்கிறார்களா?

அட்டையில் எஞ்சின் இருந்தால்தான் விற்கும். வண்டியை ஓட விடாமல் செய்வது பிரேக், ஒயரிங், கூலிங் மூன்றும். இந்தச் சலிப்பான விஷயங்களைத் தெளிவாக எழுதியவரை வாசகர்கள் மறப்பதில்லை.

ஹாட் ராடில் பிரேக் மாஸ்டர் சிலிண்டரை அழகுக்காகத் தரைக்கு அடியில் வைப்பார்கள். அது சக்கரத்துப் பிரேக் காலிப்பரை விடத் தாழ்ந்துபோனால், பெடலை விட்டதும் ஆயில் கீழே வழிந்து திரும்பும். அடுத்த முறை பெடலை மிதித்தால் முதல் மிதி பாதாளத்துக்குப் போகும், இரண்டாவது மிதியில்தான் பிடிக்கும். காற்று இருக்கிறது என்று நினைத்துத் திரும்பத் திரும்ப பிளீடிங் செய்துகொண்டே இருப்பார்கள். தேவை, குழாயில் கொஞ்சம் அழுத்தத்தைத் தக்கவைக்கும் ஒரு சின்ன ரெசிட்யுவல் வால்வ்: டிஸ்க் பக்கத்துக்கு 2 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு), டிரம் பக்கத்துக்கு 10 பிஎஸ்ஐ. மாற்றி மாட்டினால் 10 பிஎஸ்ஐ டிஸ்க்கைப் பிடித்துக்கொண்டே இருக்கும், சக்கரம் சூடாகும். டிரம் பிரேக் வண்டியிலிருந்து எடுத்த மாஸ்டர் சிலிண்டர்கள் பலவற்றில் அந்த வால்வ் உள்ளேயே இருக்கும் என்பதையும் சேர்த்து எழுதினால்தான் கட்டுரை முழுமை. பெடலின் நெம்பு விகிதம், அதாவது பெடல் சுழலும் பின்னிலிருந்து மிதிப்பட்டை வரை உள்ள நீளத்தை அதே பின்னிலிருந்து தள்ளுதண்டு வரை உள்ள நீளத்தால் வகுத்தது, பூஸ்டர் இல்லாவிட்டால் 6க்கு 1 வரை வேண்டும். டேப்பை வைத்து அளந்துவிடலாம். இதைத் தெரியாமல் பெரிய காலிப்பர் வாங்கிப் பணத்தைக் கரைத்தவர்கள் நிறைய.

2005இலிருந்து ஹாட் ராட் பத்திரிகை நடத்தும் டிராக் வீக் பந்தயம் இந்த வகைக் கட்டுரைகளுக்குத் தனி மவுசு தந்தது. ஒரு வாரம், ஒவ்வொரு நாளும் ஒரு பந்தயத் தடத்தில் ஓட்டம், அடுத்த தடத்துக்கு அதே வண்டியைச் சாலையில் ஓட்டிக்கொண்டு போக வேண்டும். டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போகக் கூடாது. ரேடியேட்டரும் ஆல்டர்னேட்டரும் சரியில்லாதவன் எத்தனை குதிரை வைத்திருந்தும் வழியில் நின்றுவிடுவான்.

படங்கள் எப்படி இருக்க வேண்டும்?

ஒளிரும் குரோம் படம் முதல் பக்கத்தில் ஒன்று போதும். மீதியில் கை, ஸ்பேனர், அளவுகோல் தெரிய வேண்டும். எங்கே இடிக்கிறதோ அந்த இடத்தை அளவுகோலோடு எடுத்த படம், பளபளப்பான பத்துப் படங்களுக்குச் சமம். வரைபடம் இன்னும் நல்லது.

ஃபிளாட்ஹெட் பிரியர்களும் எல்எஸ் எஞ்சின் பிரியர்களும் ஒரே மாதிரிக் கட்டுரையையா விரும்புகிறார்கள்?

இல்லை. ஃபிளாட்ஹெட் கூட்டத்துக்கு, அதாவது 1932இல் தொடங்கிய அந்தப் பழைய ஃபோர்டு வி8 வகையை வைத்திருப்பவர்களுக்கு, அடையாளம் காண்பதும் மாற்றிப் பொருத்துவதும் முக்கியம். 1948 வரை வந்த பிளாக்கில் பெல் ஹவுசிங் (கியர்பாக்ஸ் பொருந்தும் கூடு) பிளாக்கோடு சேர்ந்தே வார்க்கப்பட்டது. 1949இல் வந்த 8பிஏ பிளாக்கில் அது தனி. முன்னதில் 1937 முதல் தண்ணீர் வெளியேறும் வாய் ஹெட்டின் நடுவில், பின்னதில் முன்பக்கம். ஃபோர்டின் இன்னொரு பிராண்டான மெர்குரியின் 4 அங்குல ஸ்ட்ரோக் கிராங்க் 3.75 ஸ்ட்ரோக் உள்ள ஃபோர்டு 8பிஏ பிளாக்கில் உட்காரும். போரை 3⅜ அங்குலம் ஆக்கினால் 286 கன அங்குலம் வரும். எல்லாவற்றுக்கும் முன்னால் பிளாக்கில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்த எஞ்சினில் எக்ஸாஸ்ட் புகை பிளாக்குக்குள்ளேயே தண்ணீர் ஓடும் பகுதியைக் கடந்து வெளியே போகிறது. வால்வ் சீட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் விரிசல் விழுவது சகஜம். எங்கெல்லாம் பார்ப்பது என்று அம்புக்குறி போட்ட ஒரு படம் இருந்தால் 300 டாலர் மிச்சம் என்பார்கள்.

1997இல் செவ்ரோலேயின் கார்வெட் ஸ்போர்ட்ஸ் காரில் வந்த எல்எஸ்1, அதன் உறவுக்கார டிரக் எஞ்சின்களை வைப்பவர்களுக்கு எஞ்சினுக்குள் பெரிதாக ஒன்றும் தேவைப்படாது, சுற்றியுள்ளதுதான் தலைவலி. டிரக்கின் ஆயில் பேன் ஆழமானது, பழைய சேஸிஸின் குறுக்குச் சட்டத்தில் முட்டும். கார்புரேட்டருக்கு 6 பிஎஸ்ஐ அனுப்பிய பெட்ரோல் அமைப்பு இப்போது 58 பிஎஸ்ஐ அனுப்ப வேண்டும். பழைய டேங்க்கில் தடுப்புத் தட்டு இல்லாததால் வளைவில் பெட்ரோல் ஒருபக்கம் ஒதுங்க, எஞ்சின் திணறும். ஒயரிங்கில் எந்தக் கம்பி வேண்டும், எது வேண்டாம் என்ற அட்டவணைக்காகவே இதழ் வாங்குவார்கள்.

புதியவருக்கு எழுதுவதா, கைதேர்ந்தவருக்கு எழுதுவதா?

கைதேர்ந்தவருக்கு எழுதி, புதியவர் தடுமாறும் இடத்தில் ஒரு வாக்கியம் கூட்டினால் போதும். தலைகீழாகச் செய்தால் இருவருமே போய்விடுவார்கள். வருஷா வருஷம் "கார்புரேட்டர் என்றால் என்ன" என்று மறுபடி ஆரம்பிக்கும் இதழை எத்தனை நாள் வாங்க முடியும்?

நமக்கு இந்த அங்குலக் கணக்கு புரியுமா?

லேத் பட்டறைப் பக்கம் போனவருக்கு ஏற்கெனவே புரியும்; அங்கே இன்னமும் ரீபோர் பேச்சு "பத்து தௌ, இருபது தௌ" என்றுதான் நடக்கிறது. அந்தத் தௌ 0.001 அங்குலம். ஒரு கன அங்குலம் 16.4 சிசி. 350 கன அங்குலம் என்றால் 5.7 லிட்டர்.

அச்சு இதழ்கள் மூடப்பட்டுவிட்டனவே, இப்போது யார் எழுதுகிறார்கள்?

பாப்புலர் ஹாட் ராடிங் 2014இல் நின்றது. 2019 டிசம்பரில் ஒரே அறிவிப்பில் 19 இதழ்களின் அச்சு நிறுத்தப்பட்டது. கார் கிராஃப்ட், ஸ்ட்ரீட் ராடர், சூப்பர் செவி எல்லாம் அதில் போயின. ஹாட் ராட் தப்பியது. பெரும்பகுதி வேலை வீடியோவுக்கு நகர்ந்தது. எஞ்சின் உறுமும் சத்தமும் டயர் புகையும் வீடியோவில்தான் அழகு. ஆனால் காருக்கு அடியில் படுத்துக்கொண்டு, கையில் கிரீஸோடு, "அந்த டார்க் எண் எத்தனை" என்று பதினெட்டு நிமிஷ வீடியோவை முன்னும் பின்னும் தள்ளித் தேடியவருக்கு ஒரு பக்க அட்டவணையின் அருமை தெரியும். வீடியோ போடுபவர்கள் அளவுகளை எழுத்தில் கீழே கொடுத்தாலே பாதிக் குறை தீரும், கொடுப்பவர்கள் குறைவு.

பழைய இதழ்களைத் தேடி வாங்குகிறார்கள். அவற்றின் தகவல் காலாவதி ஆகியிருக்காதா?

எது என்பதைப் பொறுத்தது. அளவுகள் மாறுவதில்லை. 1952இல் எழுதிய ஃபிளாட்ஹெட் கிராங்க் மாற்றும் கட்டுரை இன்றைக்கும் செல்லும். அதில் சொல்லியிருக்கும் கம்பெனி மட்டும் இருக்காது. சேஸிஸ் அளவு, ஆக்ஸில் அகலம், கியர்பாக்ஸ் போல்ட் அமைப்பு எல்லாம் அப்படியே.

பெட்ரோல், ஆயில் சம்பந்தப்பட்டதைத்தான் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. 1960களில் 11க்கு 1 கம்ப்ரஷன் வைக்கச் சொன்னது ஈயம் கலந்த உயர்ரகப் பெட்ரோலை நம்பி. அமெரிக்கச் சாலை வாகனங்களுக்கு ஈயப் பெட்ரோல் 1996 ஜனவரி 1 முதல் முற்றிலும் தடை. இப்போது வரும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால் அந்தக் காலத்து ரப்பர் ஹோஸும் கார்புரேட்டர் டயஃப்ரமும் கெட்டுப்போகும், பழைய ஜெட் அளவுகளில் காற்றுக்கேற்ற பெட்ரோல் சற்றுக் குறைவாகப் போகும். கேம்ஷாஃப்டை ஓடவிட்டுப் பழக்கும் முறையில் 2004க்கு முந்தைய கட்டுரைகள் எந்த ஆயிலைச் சொன்னாலும், இன்றைக்குத் துத்தநாகம் கூடுதலாக உள்ள ஆயில் எது என்று டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு ஊற்றுங்கள்.